மொத்தம் 319, தமிழில் 86

2019 மார்ச்சில் பிளஸ் டூ எழுதினேன். தமிழ் 86, ஆங்கிலம் 47, இயற்பியல் 45, வேதியியல் 51, கணக்கு 38, உயிரியல் 52. கூட்டினால் 319. பிளஸ் டூவுக்கு 1200 போய் 600 வந்த முதல் வருஷம் அது. அது தெரியாத பெரிய அத்தை, 1200-க்கு 319 என்று நினைத்துக்கொண்டு, "இதுக்கு எப்புடிடா பாஸ் போட்டாங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா திருத்தவில்லை. 600-க்கு என்று திருத்தினாலும் பெருமைப்பட ஒன்றும் இல்லையே.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில், பஸ் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ரிசல்ட் ஏப்ரல் 19-ஆம் தேதி வந்தது. முந்தின நாள்தான் நாடாளுமன்றத் தேர்தல். மை வைத்த விரலால் அப்பா செல்போனில் வந்த எஸ்.எம்.எஸ்.ஸை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார், கீழே எங்காவது இன்னும் கொஞ்சம் மார்க் இருக்கும் என்பதுபோல.

பார்த்தவர்கள் எல்லாம் கஜாவைச் சொன்னார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த புயலில் எங்கள் கொல்லைத் தென்னையில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. பல வாரம் கரண்ட் கிடையாது. பள்ளிக்கூடத்திலேயே ஜனங்கள் தங்கியிருந்தார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் கணக்கில் நான் காலாண்டுத் தேர்விலேயே தள்ளாடிக்கொண்டிருந்தேன். காலாண்டு செப்டம்பரில், புயல் நவம்பரில். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு நன்றாகவே வந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

ஆறுதல் சொல்ல வந்த இன்னொரு கூட்டம் ராமானுஜனைக் கூட்டிக்கொண்டு வந்தது. "கும்பகோணம் காலேஜ்ல ராமானுஜனே ஃபெயில் ஆனவருதாம்மா." டெல்டாவில் மார்க் குறைந்த பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும் இந்த வசனம் ஒரு தடவை ஒலிக்கும். அவர் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றப் பாடங்களை விட்டதால் உதவித்தொகையை இழந்தவர். நான் கணக்கையே விட்டவள். எனக்கு அவரால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உருப்படியாக உதவியது எங்கள் பள்ளித் தமிழம்மா. மார்க் பிரிண்ட்டைக் கையில் வாங்கியதும் மொத்தத்தைப் பார்க்கவே இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் நான்கு வரி எழுதினார்:

இன்ஜினியரிங் 86/200
கலைக் கல்லூரி 186/400
ஆங்கிலம் 47/100
தமிழ் 86/100

"இதுல எதைப் பாத்தா உனக்கு வயித்தக் கலக்கல?" என்று கேட்டார்.

மேலேயும் 86, கீழேயும் 86. ஒன்று 200-க்கு, இன்னொன்று 100-க்கு. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான், என்னிடம் இருப்பது ஒரே ஒரு மார்க் இல்லை, எந்த வரிசையில் நிற்கிறேனோ அதற்குத் தக்கபடி என் மார்க் மாறுகிறது என்று புரிந்தது. வீட்டில் எல்லோரும் மொத்தத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். சேர்க்கையில் அந்த மொத்தத்தை அப்படியே வைத்து எண்ணும் வரிசை எனக்கு ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கணக்கை 100-க்கு அப்படியே எடுப்பார்கள், இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கி 50, 50. மொத்தம் 200. தமிழும் ஆங்கிலமும் உயிரியலும் அங்கே பேச்சே இல்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான துறைகளுக்கு மொழிப்பாடங்களைத் தள்ளிவிட்டு மற்ற நான்கையும் கூட்டி 400-க்குத் தரவரிசை போடுவார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கை வைத்துத் தனி வரிசை. பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க்கை வைத்துத் தனி வரிசை. நான்கு பாடத்திலும் பாஸ் மார்க்கை ஒட்டி எடுத்து, மொழியில் மட்டும் நன்றாக எடுத்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்த இரண்டு வரிசைகள் இருப்பதே அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

இதிலே இன்னொரு சூட்சுமமும் உண்டு. தமிழில் 86 ஒன்றும் பெரிய மார்க் இல்லை. 90-க்கு மேல் எடுத்தவர்கள் குவிந்து கிடப்பார்கள். ஆனால் தமிழில் 95 எடுத்த பிள்ளை பெரும்பாலும் மற்றதிலும் நிறைய எடுத்திருக்கும், பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ், நர்சிங், இன்ஜினியரிங் என்று கிளம்பிவிடும். ஆகவே தரவரிசைப் பட்டியலில் உங்கள் எண் எங்கேயோ கீழே இருக்கிறது என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. பட்டியல் நகரும். முதல் சுற்றில் நகராவிட்டால் அடுத்த சுற்றில் நகரும். காலை, மாலை என்று இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரிகளில் இரண்டாவது ஷிப்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான் சேர்ந்த வருஷம் வரை ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாகப் போய் அப்ளிகேஷன் வாங்கி, தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மன்னார்குடி ராஜகோபாலசுவாமி அரசுக் கல்லூரி, திருவாரூர் திரு.வி.க., தஞ்சாவூர் குந்தவை நாச்சியார், கும்பகோணத்தில் மகளிர் கல்லூரி என்று அப்பா என்னை மே மாத வெயிலில் பஸ் பஸ்ஸாக ஏற்றி இறக்கினார். 2020-லிருந்து அரசு கலைக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆன்லைன் விண்ணப்பம் வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே முடிகிற வேலை. அதனாலேயே ஒரு சங்கடமும் இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் வேகவேகமாக ஒரு கல்லூரி, இரண்டு துறை என்று டிக் அடித்து அனுப்பிவிடுவான். பக்கத்திலேயே உட்கார்ந்து, பஸ் போகிற தூரத்தில் உள்ள கல்லூரிகளையும், போட்டி குறைவான துறைகளையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். வரலாறு, பொருளாதாரம், புள்ளியியல் என்று யாரும் வாயெடுத்துச் சொல்லாத துறைகள் இருக்கின்றன. 400-க்கு 186 வைத்திருப்பவர்களுக்கு அவைதான் கதவு.

சான்றிதழ் விஷயத்தை ரிசல்ட் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தேவைப்பட்டால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவையில் பதிந்தாலும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஒவ்வொரு மேசையாகத்தான் தாண்டி வரும். ரிசல்ட் வந்த வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பதிவார்கள். என் தோழி ஒருத்திக்குக் கவுன்சலிங் நாளில் சாதிச் சான்றிதழ் கையில் இல்லை. அவளுடைய பிரிவில் இடம் இருந்தும் பொதுப் பிரிவில்தான் பார்க்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். பொதுப் பிரிவில் அவள் மார்க்குக்கு வாய்ப்பில்லை.

இனி புரோக்கர் கதை. ரிசல்ட் வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கையில் வழவழப்பான புத்தகம், அதில் நீச்சல்குளம் படமெல்லாம் இருந்தது. மேற்கே எங்கோ உள்ள ஒரு தனியார் கல்லூரி. என் மார்க் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "ஐயா, பாப்பா மார்க்குக்கு இங்க எங்கயும் சீட் வராது. நம்ம காலேஜ்ல ஹாஸ்டல் ஃப்ரீ, லேப்டாப் ஃப்ரீ. இப்ப அட்வான்ஸ் அஞ்சாயிரம், ஒரிஜினல் டி.சி.யும் மார்க் ஷீட்டும் குடுத்தா போதும்." அப்பா எழுந்து உள்ளே போனார். பணம் எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அம்மா அதற்கு முன்பே பீரோ சாவியை இடுப்பில் செருகியிருந்தார். "டி.சி. இன்னும் வரல தம்பி, வந்ததும் சொல்றோம்" என்று அம்மா சொன்னது முழுப்பொய். ஆனால் அந்தப் பொய்தான் என்னைக் காப்பாற்றியது.

எதிர்வீட்டு அண்ணன் கொடுத்துவிட்டான். ஒரு செமஸ்டர் படித்துப் பார்த்து, ஃப்ரீ என்றதெல்லாம் வேறு வேறு பெயரில் கட்டணமாக வந்ததும், வேண்டாம் என்று திரும்பி வந்தான். சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க நான்கு வருஷக் கட்டணத்தையும் கேட்டார்கள். கல்லூரிகள் ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். அது தெரியாததால் அந்த வீட்டில் மாடு விற்றுப் பணம் கட்டினார்கள். மார்க் நிறைய எடுத்த பிள்ளை வீட்டுக்கு இந்த பைக் அவ்வளவாக வராது. மார்க் குறைந்ததில் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கும் வீடு எது என்று தெரிந்துதான் வருகிறது. அந்தச் சில வாரம் யார் சீட்டு தருகிறேன் என்றாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அப்போது யாருக்கும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், முன்பணம் கட்டாதீர்கள். நேரில் போய்க் கல்லூரியைப் பார்த்துவிட்டு, எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே பாருங்கள்.

மன்னார்குடியில் கவுன்சலிங். ஹால் நிறையக் கூட்டம், ஃபேன் இருந்தும் காற்று வரவில்லை. கரும்பலகையில் ஓ.சி., பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று கட்டம் போட்டு, மிச்சமிருக்கும் இடங்களைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர் சேர்ந்ததும் ஓர் எண்ணை விரலால் அழித்து அடுத்த எண்ணை எழுதுவார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் அம்மா, ஒவ்வொரு தடவை அழிக்கும்போதும் என் கையைப் பிடித்தார். தன் மகள் கை என்று நினைத்தாரோ என்னவோ, நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

மேசையில் இருந்த பேராசிரியை என் தாளை ஸ்கேல் வைத்து வரிவரியாகப் பார்த்தார்.

"ஏம்மா, பயாலஜி குரூப்பு. சயின்ஸ் பக்கம் போகலையா?"

"இல்ல மேம். தமிழ்லதான் மார்க் இருக்கு."

"மார்க் இருக்கா, புடிக்குமா?"

"ரெண்டும் மேம்" என்றேன். அன்றைக்கு அதில் பாதிதான் உண்மை.

அங்கேயே கட்டணம் கட்டினோம். அரசுக் கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, மற்றவை எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிட்டது. அப்பா சட்டைப்பையில் கட்டாக வைத்திருந்த பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடியும் எண்ணினார். பிறகு "வேற எதுவும் இல்லையா சார்?" என்று கேட்டார்.

மிச்சப் பாதி முதல் வருஷத்தில் உண்மையானது. அதற்குக் காரணம் கவிதை இல்லை, பழைய இலக்கண நூலான நன்னூல். "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்" என்று ஒரு விதி. நாடு என்பதோடு இல்லை சேர்ந்தால் உகரம் ஓடிப்போய் நாடில்லை என்று நிற்கும். விதியைத் தெரிந்துகொண்டால் விடை தானாக வந்து விழுகிறது. கணக்கு வாத்தியார் இதைத்தான் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாரா என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் ஆங்கிலம் விடவில்லை. தமிழ்த் துறையில் சேர்ந்தாலும் பகுதி இரண்டில் ஆங்கிலம் உண்டு. முதல் செமஸ்டரில் அரியர். பிளஸ் டூவில் 47 எடுத்த பாடம் கல்லூரி வாசலில் செருப்போடு கழன்றுவிடாது. உள்மதிப்பீட்டு 25-ஐ முழுசாகப் பிடித்துக்கொண்டால் வெளித்தேர்வு 75-இல் மூச்சு விடலாம் என்று சீனியர் அக்கா ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். அசைன்மென்ட்டை ஒழுங்காகக் கொடுப்பது, வகுப்புத் தேர்வுக்கு லீவு போடாமல் இருப்பது, அவ்வளவுதான். அடுத்த செமஸ்டரிலேயே அரியரை முடித்தேன். அப்புறம் கொரோனா வந்து கல்லூரி செல்போனுக்குள் போய்விட்டது.

2022-இல் பி.ஏ. முடித்தேன். முதுகலைக்கான மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு முதன்முறையாக வந்த வருஷம் அது. எழுதினேன். திருவாரூர் நீலக்குடியில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கிடைத்தது. அங்கே நுழைவுத் தேர்வு மார்க்குதான் பேசியது, 319 பேசவில்லை.

அதே 2022-இல் தம்பி பிளஸ் டூ. ஜூன் 20 ரிசல்ட். கணக்கில் 27, ஃபெயில். என் விஷயத்திலாவது பாஸ் இருந்தது. அவனுக்கு அதுவும் இல்லை என்பதால் வீட்டில் சத்தமே இல்லை. ஆனால் இந்தத் தடவை நான் இருந்தேன். ஃபெயில் ஆனவுடன் ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டும். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிப்பது ஒன்று, துணைத்தேர்வுக்குப் பணம் கட்டுவது இன்னொன்று. நகல் வரட்டும், மறுமதிப்பீடு ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் துணைத்தேர்வுத் தேதி போய்விடும். தேதி தவறியவர்களுக்குத் தட்கல் என்று கூடுதல் கட்டணத்தில் கொஞ்ச நாள் தருவார்கள், அதை நம்பி இருக்கக் கூடாது. நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். நகல் வந்ததும் கணக்கு சாரிடம் காட்டினோம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "மறுமதிப்பீட்டுக்குக் காசு கட்டாதீங்க, சரியாத்தான் போட்டுருக்காங்க. ஆனா இவன் ஒரு மார்க் கேள்வியிலேயே பாதியத் தொடலடா" என்றார். அந்த நகலை முன்னால் வைத்துக்கொண்டே ஒரு மார்க், இரண்டு மார்க் பக்கமாகப் பயிற்சி கொடுத்தார். ஜூலை கடைசியில் துணைத்தேர்வு, பாஸ். துணைத்தேர்வில் தேறியவர்கள் அதே வருஷமே சேரலாம், ஒரு வருஷம் வீணாகாது. இன்ஜினியரிங்கிலும் அவர்களுக்கென்று துணைக் கலந்தாய்வு இருக்கிறது.

தம்பி இன்ஜினியரிங் கவுன்சலிங் பக்கம் போகவில்லை. கணக்கில் துணைத்தேர்வு எழுதித் தேறி வந்தவன் முதல் வருஷ இன்ஜினியரிங் கணக்கில் மறுபடி மாட்டுவான் என்று எனக்குப் பயம். பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்துத் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். நாகப்பட்டினம் பக்கம் காலியிடம் இருந்தது, மெக்கானிக்கல் எடுத்தான். துணைத்தேர்வும் கைகொடுக்காதவர்களுக்கும் பாலிடெக்னிக் மூடிவிடுவதில்லை. முதல் வருஷத்துக்குப் பத்தாம் வகுப்புப் பாஸ் போதும். டிப்ளமோ முடித்த பிறகு பி.இ. நேரடி இரண்டாம் வருஷத்துக்குத் தனிக் கலந்தாய்வு உண்டு. முன்பெல்லாம் அதற்குக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது, இப்போது ஆன்லைன். அங்கே வரிசை போடுவது டிப்ளமோ மார்க்கை வைத்து. பிளஸ் டூவில் 27 எடுத்தது அந்த வரிசையில் ஒரு மூலையிலும் தெரியாது. பட்டறை வேலையில் அவன் கை சுறுசுறுப்பு, டிப்ளமோவில் நல்ல மார்க். 2024-இல் பி.இ. சேர்ந்தான். முதல் பட்டதாரிச் சலுகை மட்டும் கிடைக்கவில்லை, வீட்டில் முதல் பட்டதாரி நான் ஆகிவிட்டேனே. அந்தச் சலுகை அரசுக் கலைக் கல்லூரியில் எனக்கும் பயன்படவில்லை. இதற்காக அவன் இன்னமும் என்னைக் குத்திக்காட்டிக்கொண்டிருக்கிறான்.

பிளஸ் டூ மார்க்கைப் பின்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள். சில ஐ.டி. கம்பெனிகள் கேம்பஸ் தேர்வுக்கே பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. டிப்ளமோ படித்தவர்களுக்குப் பன்னிரண்டாவதுக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு, எடுத்துக்கொள்ளாத இடங்களும் உண்டு. தம்பி விளம்பரம் வந்தால் முதலில் அந்த ஒரு வரியைத்தான் படிக்கிறான். அரசுத் தேர்வுகளில் இந்தத் தொந்தரவு கம்மி. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும், குரூப் 2-க்கு ஒரு டிகிரி, எந்தத் துறையாக இருந்தாலும் சரி. என் வகுப்பில் பாதிப்பேர் அந்தப் புத்தகத்தோடுதான் பஸ்ஸில் வந்தார்கள்.

போன சேர்க்கையின்போது மாமா பெண் போன் செய்து அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, மார்க் ஷீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். காமர்ஸ் குரூப், நான்கு பாடத்திலும் சேர்த்து 400-க்கு 204, ஆங்கிலம் 71. அவள் மொத்தத்தை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தாள், இந்த 71-ஐப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விண்ணப்பத்தில் பி.ஏ. ஆங்கிலத்தை முதலில் போட்டு, பொருளாதாரத்தை அடுத்துப் போட்டோம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அது 2022 செப்டம்பரில், நான் பி.ஏ. முடித்துவிட்டு வெளியே வந்த பிறகு தொடங்கிய திட்டம். ஆங்கிலத்தில் முதல் சுற்றில் கிடைக்கவில்லை, இரண்டாவது சுற்றில் கிடைத்தது. மாமா மட்டும், "பி.காம். கிடைச்சிருந்தா பேங்க் வேலைக்குப் போயிருக்கும்" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேங்க் தேர்வுக்கும் ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் போதும் மாமா என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், காதில் வாங்குவதாகத் தெரியவில்லை.